ஏழாம் கொட்டில்

எங்கள் பண்ணையில் அவனுக்குப் பெயர் மாப்பிள்ளை. சொந்தப் பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். கல்யாணமான நாளிலிருந்து ஆறு வருடமாக மாமனார் வீட்டில் இருக்கிறான். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் எல்லோருக்கும் ஒரு இளக்காரம். இளக்காரமாகச் சிரித்தவர்களில் ஒருவர்கூட அவனுக்கு ஒரு மாத வாடகை கொடுத்ததில்லை என்று தெரிந்தபின் நான் சிரிப்பதை விட்டுவிட்டேன்.

நான் அந்தப் பண்ணைக்குத் தீவன லாரி ஓட்டுகிறவன். வாரத்துக்கு மூன்று நடை. லாரிச் சத்தம் கேட்டதும் மற்ற ஆட்களுக்கெல்லாம் ஒன்றாகக் கழிப்பறை அவசரம் வந்துவிடும். மூட்டை இறக்க மிஞ்சுகிறவன் மாப்பிள்ளை. அதனால் அவன் கதை எனக்குத் தெரிந்த அளவு அவன் வீட்டாருக்குத் தெரியாது.

அவன் வேலை சினைப்பன்றிகளைப் பார்த்துக்கொள்வது. முன்பெல்லாம் ஒவ்வொரு பன்றியையும் ஓர் இரும்புக் கூண்டில் நிறுத்தியிருப்பார்கள். எழலாம், படுக்கலாம், திரும்ப முடியாது. சினை ஏறக்குறைய நாலு மாதம். அந்த நாலு மாதமும் அது எதிரே இருக்கிற சுவரைப் பார்த்தபடி நிற்கும். முதலாளிக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. கறி வாங்குகிற கம்பெனி "கூண்டில் வளர்த்தது எங்களுக்கு வேண்டாம்" என்று கடிதம் போட்டதும் அவருக்கு ஒரே வாரத்தில் ஜீவகாருண்யம் பொங்கிவிட்டது. கூண்டுகளைப் பிடுங்கி எறிந்து ஆறு கொட்டில்கள் கட்டினார். கொட்டிலுக்குப் பன்னிரண்டு பன்றிகள், கூட்டாக. வாசலில் ஒரு பலகை: "எங்கள் தாய்மார்கள் சுதந்திரமாக நடமாடுகிறார்கள்."

அந்தப் பலகைக்கு நேர் பின்னால் வேலையாட்களின் ஓய்வறை. ஒன்பது பேருக்கு ஒரு பெஞ்சு. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, உள்ளே போகிறவர் வெளியே வரும்வரை பாடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஒரு பன்றிக்கு எத்தனை சதுர அடி என்பது கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது.

புது மேனேஜர் அதற்கு முன் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசையில் இருந்தவர். பன்றி என்ற சொல் அவர் வாயில் வராது. "உறுப்பினர்கள்" என்பார். கூண்டைத் திறந்துவிட்டால் உறுப்பினர்கள் கைகுலுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தார். முதல் நாளே கொட்டிலில் காது கிழிந்தது, தோள்பட்டையில் ரத்தம். மேனேஜர் வெளிறிப் போய் நின்றார்.

"சார், கூட்டுக் குடும்பம்னா முதல் ரெண்டு மூணு நாள் இப்படித்தான் இருக்கும்" என்றான் மாப்பிள்ளை. "யாரு பெரியவன்னு முடிவாகணும்ல. முடிவாயிட்டா அப்புறம் கடிக்கவே வேணாம். பெரியது திரும்பிப் பார்த்தாப் போதும், சின்னது எழுந்து இடத்தை விட்டுரும்."

சொன்னது அப்படியே நடந்தது. யாரும் அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இணை சேர்த்த முதல் மாதத்தில் எந்தப் பன்றியையும் புதுக் கூட்டத்தில் விடக் கூடாது, விட்டால் சண்டையில் கரு தங்காது என்று மேனேஜரிடம் மன்றாடி நிறுத்தினான். பிடுங்கிப் போட்ட கூண்டுகளின் தகடுகளைக் கொண்டுவந்து கொட்டிலுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குட்டைச் சுவர்போல நட்டான். துரத்தப்படுவது ஓடி ஒளிந்து மூச்சு வாங்க ஓர் இடம் வேண்டுமே. தீனியை ஒரே இடத்தில் கொட்டாமல் தரை முழுக்க விசிறினான். பந்திக்கு முந்தத் தெரியாதவற்றுக்கும் நாலு வாய் கிடைத்தது. வைக்கோல் பரப்பினான். தினமும் ஒவ்வொன்றின் முதுகையும் தடவுவான். எலும்பு தட்டினால் அதன் பங்கில் யாரோ வாய் வைக்கிறார்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு கொட்டிலிலும் கடைசி இடத்தில் இருக்கிறவள் யார் என்று அவனுக்கு அத்துபடி.

"எப்படிடா கண்டுபிடிக்கிற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பழக்கம்தாண்ணே" என்றான்.

பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிய அவன் மாமனார் வீட்டைப் பார்க்க வேண்டும். மூன்று அறை, ஒரு ஹால், ஒரு குறுகலான நடை. மாமனாருக்கு ஓர் அறை. மச்சானுக்கும் அவர் மனைவிக்கும் ஓர் அறை. மூன்றாவது, பின்பக்கத்துச் சின்ன அறை, மாப்பிள்ளைக்கும் அவன் மனைவிக்குமாக இருந்தது. ஒரு நாள் மச்சானுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. டாக்டர் நடக்கச் சொன்னார். தெருவில் நடந்தால் கௌரவம் குறையும் என்று மச்சான் உள்ளேயே நடக்கிற இயந்திரம் ஒன்று வாங்கினார். அது சின்ன அறைக்குள் வந்தது. "ரெண்டு வாரம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மாப்ளே" என்றார் மச்சான். மாப்பிள்ளையும் அவன் மனைவியும் ஹாலுக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த நடைக்கு வந்தார்கள். அன்று வந்தவர்கள்தான்.

மச்சான் அந்த இயந்திரத்தின்மேல் நடந்ததை ஒருவரும் பார்த்ததில்லை. அதில் துணி காயப் போட்டிருந்தார்கள். கேட்டால், "நாளையிலருந்து ஆரம்பிக்கிறேன்" என்பார். அவரும் வீட்டுச் செலவில் பாதியைக் கொடுக்கிறவர், நாளைகளை அவர் இஷ்டத்துக்குத்தான் வைத்துக்கொள்வார்.

மாப்பிள்ளையின் மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். போன வருடம் ஒரு பிள்ளை நாலாம் மாதத்தில் கலைந்தது. இந்த முறை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: பகலில் இரண்டு மணி நேரம் இடது பக்கமாகப் படுக்க வேண்டும், கால் வீங்க விடக் கூடாது. நடையில் எங்கே படுப்பது? குளியலறைக்குப் போகிற ஒவ்வொருவரும் அவளைத் தாண்டிப் போவார்கள். தாண்டும்போது "படுத்திரும்மா, எழுந்திருக்காதே" என்று சொல்லிவிட்டும் போவார்கள். அவள் எழுந்துவிடுவாள்.

சமையல் அவளுடையது. பரிமாறுவது அவள் அண்ணி. இதில் இருக்கிற சூட்சுமம் கூட்டாக வாழ்ந்தவர்களுக்குப் புரியும். கரண்டி யார் கையிலோ ராஜ்ஜியம் அவர் கையில். ஹாலில் ஒரு நல்ல நாற்காலி உண்டு. அவள் அதில் உட்கார்ந்திருக்கும்போது அண்ணி வந்து நின்று தொண்டையைச் செருமினால் போதும். அண்ணி கெட்டவள் இல்லை. ஒரு நாளும் யாரையும் திட்டியதில்லை. அந்த வீட்டில் யார் பெரியவள் என்பது எப்போதோ முடிவாகிவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் இருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒரு வார்த்தை கேளேன்டா மச்சானை" என்பேன். "கேக்கணும்ணே" என்பான். மூட்டை தீர்ந்துவிடும்.

இந்த நிலையில்தான் நலப் பதிவுத்தாள் வந்தது. கம்பெனியின் சான்றிதழ் வேண்டுமென்றால் ஒவ்வொரு கொட்டிலுக்கும் வாரம் ஒரு தாள் நிரப்ப வேண்டும். பெண் விலங்குகள் எத்தனை, சினை எத்தனை, படுக்க இடம், தீனியில் தள்ளுமுள்ளு, கால், காயம், குறிப்பு, நடவடிக்கை. தாள்கள் ஏழு ஏழாகக் கட்டி அச்சாகி வந்திருந்தன. எங்களுக்கு இருப்பதோ ஆறு கொட்டில். மாப்பிள்ளை முதல் வாரம் ஏழாவது தாளில் குறுக்கே ஒரு கோடு போட்டுக் கொடுத்தான். மேனேஜர் திருப்பி அனுப்பினார்.

"காலித் தாள் இருந்தா மார்க் குறையும். ஒரு தாளும் காலியா இருக்கக் கூடாது."

"ஏழாவது கொட்டில் இல்லையே சார்."

"அது உன் பிரச்சினை. நிரப்பிக் கொண்டு வா."

சொன்னதைச் செய்கிறவன் மாப்பிள்ளை. அவனுக்குத் தெரிந்த கூட்டு வசிப்பு இன்னும் ஒன்றுதான் இருந்தது. போய் உட்கார்ந்து நிரப்பினான். மேனேஜர் ஏழின் கீழும் கையெழுத்துப் போட்டார். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது அவர் வகித்த எந்தப் பதவியிலும் வழக்கமில்லை. இப்படியே பதினோரு வாரம் ஓடியது.

ஆய்வு நாளன்று நான் மூட்டையோடு அங்கே இருந்தேன். ஆய்வுக்கு வந்தவர் ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். சொந்த ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்திருந்தார். மேனேஜர் நீட்டிய குளிர்பானத்தை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டுப் பதிவுத்தாள் கோப்பைப் பிரித்தார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போனது.

"ஆறு கொட்டிலும் நல்லா பராமரிச்சிருக்கீங்க. ஏழாவதுல என்ன பிரச்சினை?"

"ஏழாவதும் நல்லா இருக்கு மேடம்" என்றார் மேனேஜர்.

"ஒரு சினைக்குப் படுக்க இடமில்லைன்னு பதினோரு வாரமா எழுதியிருக்கு. கீழ உங்க கையெழுத்து."

மேனேஜர் கண் சிமிட்டும் நேரம்தான் தடுமாறினார். ஓட்டல் அனுபவம் கை கொடுத்தது. "அதை உடனே சரி பண்ணிட்டோம் மேடம்."

"அப்போ பாத்துரலாம்."

கொட்டில்களை எண்ணிக்கொண்டே நடந்தார்கள். ஒன்று, இரண்டு. ஆறு முடிந்தது. அதற்கப்பால் ஒரு சுவர். சுவருக்கப்பால் என் லாரி. மேனேஜர் லாரியை ஒருமுறை ஆசையோடு பார்த்தார். "ஏழாவது இப்போ புதுப்பிக்கிற வேலையில இருக்கு மேடம்" என்றார்.

"சரி. அந்த விலங்கு எங்கே?"

வைக்கோல் தள்ளிக்கொண்டிருந்த மாப்பிள்ளையை எல்லோரும் பார்த்தார்கள். அவன் தள்ளுகோலைச் சுவரில் சாய்த்தான்.

"அது எங்க வீடு மேடம்."

"சினைன்னு எழுதியிருக்கிறது?"

"என் மனைவி."

பன்றிகள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. ஆய்வாளர் நின்ற இடத்திலேயே பதினோரு தாள்களையும் முதலிலிருந்து படித்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

"முந்தின சினை கலைஞ்சதுன்னு இருக்கே."

"ஆமா மேடம். நாலாம் மாசம்."

"இதை ஏன் இதுல எழுதினீங்க?"

"காலியா விடக் கூடாதுன்னு சொன்னாங்க" என்றான். தள்ளுகோலை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "எங்கேயாவது சொல்லணும்போல இருந்துச்சு" என்றான்.

அவர் கோப்பை மூடினார். "பதிவுல ஏறினதை நான் கிழிக்க முடியாது. பிரச்சினை தீர்ந்துதுன்னு ஒரு தாள் வரணும். வந்தா சான்றிதழ் தர்றேன். அது வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் பூட்ஸைத் தானே கழுவிக்கொண்டு போய்விட்டார்.

கார் கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் தன் சுயரூபத்துக்கு வந்தார். மாப்பிள்ளையைத் திட்ட அவரால் முடியவில்லை, கீழே இருந்தது அவர் கையெழுத்து. பேனாவை எடுத்து அவன் கையில் திணித்தார். "ஒரு வரி எழுது. தனி இடத்துக்கு மாத்தியாச்சு. அவ்வளவுதான். அவங்க என்ன உன் வீட்டுக்கா வரப் போறாங்க?"

எல்லோரும் அதையே சொன்னார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் கம்பெனி வாங்காது, கம்பெனி வாங்காவிட்டால் முதலாளியின் கருணை ஊற்று வற்றிவிடும், கூண்டுகள் திரும்பி வரும், ஆட்கள் வெளியே போவார்கள். என் லாரிக்கும் நடை இருக்காது. அதனால் நானும் சொன்னேன். "எழுதித் தொலையேன்டா, ஒரு வரிதானே?" அதைச் சொன்னதற்கு இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"எழுதினா இடம் கிடைச்ச மாதிரி ஆயிடும்லண்ணே" என்றான் மாப்பிள்ளை. "அப்புறம் நான் அதைக் கேக்கவே மாட்டேன்." பதினோரு தாள்களோடு நிரப்பாத தாள் ஒன்றையும் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டான்.

அவன் மனம் மாறி எழுதிவிட்டால் கையோடு வாங்கி வரச் சொல்லி மேனேஜர் என்னையும் கூட அனுப்பினார். சாயங்காலம் லாரியிலேயே வீட்டுக்குப் போனோம். ஹாலில் மாமனார் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் தட்டின் முன் இருந்தார், அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் மனைவி நல்ல நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்தவளை நான் தடுத்தேன். சாப்பாட்டு டப்பாவை எடுக்க அவள் பையைத் திறந்தாள். தாள்கள் கையில் வந்தன.

அவள் படித்தாள். மாப்பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். தன்னைப் பன்றிக் கணக்கில் எழுதியதற்கு அவள் தாளைக் கிழித்து அவன் மூஞ்சியில் எறிவாள் என்று நினைத்தேன். அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். மாமனார் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்.

"மூணாம் வாரம். பெரியது வந்தால் இது எழுந்து இடம் விடுகிறது. தீனி கடைசியில், மிஞ்சினது. அஞ்சாம் வாரம். நடைபாதையில் படுக்கிறது, மற்றவை தாண்டிப் போகின்றன. எட்டாம் வாரம். வலது கால் வீக்கம், யாரிடமும் காட்டுவதில்லை. பத்தாம் வாரம். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பயப்படுகிறது."

அண்ணியின் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள் அவள் கணவனிடம். "எனக்கே தெரியாதது கூட இருக்கு. நடவடிக்கைன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல பதினோரு வாரமும் ஒரே வார்த்தை எழுதியிருக்கீங்களே."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தான்.

"படிங்க, என்ன எழுதியிருக்கீங்கன்னு."

"தொடர்ந்து கவனித்து வருகிறோம்" என்றான் அவன்.

அண்ணி தொண்டையைச் செருமினாள். பழக்கம்தான், வேறு காரணம் இல்லை என்று நினைக்கிறேன். நாற்காலியில் இருந்தவள் அசையவில்லை. அதைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்குள் என்ன நடந்ததோ, நேரே சின்ன அறைக்குள் போனான். இயந்திரத்தின் மேலிருந்த துணிகளை அள்ளி ஹாலில் போட்டான். இயந்திரத்தைப் பிடித்து இழுத்தான்.

"மாப்ளே, அது எதுக்கு? நாளையிலருந்து நான் நடக்கப் போறேன்" என்றார் மச்சான், வாயில் சோற்றோடு.

"ஹால்ல நடங்க மச்சான். காத்து நல்லா வரும்."

ஆறு வருடத்தில் அவன் மச்சானுக்குச் சொன்ன முதல் எதிர்வார்த்தை அது. அப்படி ஒரு பேச்சுக்கு அவர் தயாராகியே இருக்கவில்லை. "கூட்டா இருக்கிற வீட்டுல கொஞ்சம் முன்னபின்னதான் இருக்கும்" என்று மாமனார் பொதுவாக அறிவித்தார். அதற்குள் நானும் ஒரு பக்கம் பிடித்திருந்தேன். அது நூறு கிலோவுக்குக் குறையாது. டி.வி.க்கும் மாமனாருக்கும் நடுவே கொண்டுபோய் இறக்கினோம். வேறு இடமும் இருந்தது. எனக்கு அங்கே இறக்கத்தான் தோன்றியது.

மாப்பிள்ளை அறையைக் கூட்டிக் கட்டிலை விரித்துப் போட்டான். மனைவி எழுந்து, மெதுவாக நடந்து, நிரப்பாத தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவனும் பின்னாலேயே போனான். அவன் வாசற்படியை அடைவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"நான் வெளியில இருக்கேன்" என்றான் அவன், கதவிடம்.

"தெரியுது" என்றாள் அவள் உள்ளிருந்து.

கொஞ்ச நேரத்தில் கதவுக்குக் கீழிருந்து தாள் வெளியே வந்தது. பள்ளிக்கூடக் கையெழுத்து, ஒரு கட்டமும் காலியாக இல்லை. மறுநாள் மேனேஜர் அதற்குக் கீழேயும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டார். சான்றிதழும் வந்தது. அந்தத் தாளில் அவள் எழுதியிருந்தது இதுதான்:

"ஏழாம் கொட்டில். சினை ஒன்று. படுக்க இடம் கிடைத்தது. இடது பக்கமாகப் படுத்திருக்கிறது. கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டு. கணவர் வெளியே. நடவடிக்கை: தொடர்ந்து கவனித்து வருகிறேன்."

அன்று கதவடியில் வந்த தாளை மாப்பிள்ளை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினான். பிறகு நடையில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்தான். மச்சான் கை கழுவுவதற்காக அவனைத் தாண்டிக்கொண்டு போனார்.